தாச்சியும் வெண்ணெயும்

1980களிலும் 1990களிலும் பரிசுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் வந்து சேர்ந்த நம் இளைஞர்களில் பலருக்கு முதலிற் கிடைத்தது உணவகத்திற் கோப்பை கழுவும் வேலை. பின்னர் மரக்கறி வெட்டினர். சிலர் நாளடைவில் அடுப்புக்கே பொறுப்பாயினர். அவர்கள் அந்நியருக்காக ஆண்டுக்கணக்கில் வாட்டியெடுத்த 'ஸ்ரேக்', அவர்தம் வீட்டு மேசைக்கு வருவது அரிது. பிள்ளைகளோ அதைப் பாடசாலை உணவுச்சாலையிலும் நண்பர் வீடுகளிலும் அறிந்துகொண்டு வந்து அம்மாவிடம் கேட்கின்றனர். அம்மா தனக்குத் தெரிந்த முறையில் மூடி அவிக்க, இறைச்சி செருப்புத் தோலாகிவிடுகிறது.

மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அவர்களது நெறியை அசைப்பது இப்பத்தியின் நோக்கமன்று. எலும்போடு கூடிய தடித்த ஆட்டிறைச்சித் துண்டுக்கும் இம்முறை பொருந்தும்.

நமது கறி குழம்பிலே வேகிறது. நீர் கொதிக்கும் சூடு 100 பாகை. குழம்பின் சூடும் அதையொட்டியே நிற்கும். ஸ்ரேக்கின் மணமோ அதற்கு மேலேதான் பிறக்கிறது. இறைச்சியிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டிலே கூடிப் பழுப்பு நிறமும் நறுமணமும் தரும் மாற்றத்தை 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கினார். ஏறத்தாழ 140 பாகையைத் தாண்டும்போதே அது விரைவுபெறும். பாணின் மேற்தோல் மணப்பதும் இதனாலேயே. ஆகவே இங்கே ஈரமே பகை. துண்டைத் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். கழுவி ஈரத்தோடு போடாதீர்கள்.

இறைச்சிக் கடையில் 'அந்திரகோத்' என்று கேட்டு, இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பில் வாங்குங்கள். அடி கனத்த இரும்புத் தாச்சியைப் புகை எழும்வரை காயவிட்டு, சிறிது எண்ணெய் இட்டு, உப்புத் தடவிய துண்டை வையுங்கள். சன்னலைத் திறந்துவிட மறவாதீர்கள். ஒற்றையறை வீடுகளில் புகை எச்சரிக்கைக் கருவி அலறி அயலவரைக் கூட்டிவிடும். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உள்ளே 55 பாகையில் சிவப்பு, 60க்கு மேல் இளஞ்சிவப்பு, 70ஐத் தாண்டினால் சாம்பல் நிறம். இறக்கிய பின்னரும் சூடு சில பாகை ஏறுமாதலால் சற்று முன்னரே எடுத்து, ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

உயர்ந்த சூட்டில் வாட்டினால் சாறு உள்ளே அடைபட்டுவிடும் என்று சமையற்காரர் பலர் இன்றும் சொல்வர். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய வேதியியலாளர் லீபிக் பரப்பிய பிழையான கருத்து அது. வெட்டும்போது வழியும் சிவப்பு நீரைக் கண்டு முகஞ்சுழிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது குருதியன்று. தசையிலுள்ள மயோகுளோபின் என்னும் புரதம் கலந்த நீரே.

இனி வெண்ணெய். தொடக்கத்திலேயே தாச்சியில் இட்டால் கருகிக் கசக்கும். நாம் இறுதியிலே தாளிதம் கொட்டுவதுபோல, இதுவும் இறுதியிற் சேர்வது. இளகிய வெண்ணெய் 100 கிராமுடன் பொடியாக அரிந்த பார்ஸ்லி இரண்டு மேசைக்கரண்டி, எலுமிச்சஞ் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு, மிளகு சேர்த்துப் பிசைந்து, தாளிலே குழலாகச் சுருட்டிக் குளிரூட்டுங்கள். பிரெஞ்சுக்காரரின் பழைய முறை இது. ஜெனீவாவிலே 'கபே து பரி' என்னும் உணவகத்தின் பெயரால் வழங்கும் வெண்ணெயின் மூலச் செய்முறை இரகசியம். ஆயினும் சமையல் நூல்கள் தரும் வடிவங்கள் பலவற்றிற் கறித்தூள் இருக்கிறது. அப்படியிருக்க, உள்ளியும் கறிவேப்பிலையும் இடித்த மிளகும் தேசிப்புளியும் நாம் சேர்ப்பதில் என்ன குறை? ஒரு வட்டம் அரிந்து, ஆறும் இறைச்சியின் மேல் வையுங்கள். அது உருகிச் சாறோடு கலப்பதே குழம்பு.

விடுமுறை நாளில் இந்த வேலையை அப்பாவிடம் விடுங்கள். இத்தனை ஆண்டு அவர் கற்ற கைத்தொழிலைப் பிள்ளைகள் ஒருமுறையேனும் அருகில் நின்று பார்க்கட்டும்.

சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் நடுவிற் சிவப்பின்றி வேகவையுங்கள். அரைத்த இறைச்சியாயின் எல்லோருக்கும் அப்படியே: முழுத்துண்டில் மேற்பரப்பிலே தங்கும் கிருமி, அரைக்கும்போது உள்ளெங்கும் கலந்துவிடுகிறது.