முதுகெலும்பு டிகம்ப்ரஷன் சிகிச்சை: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

இடுப்பு வலியாலும், இடுப்பில் தொடங்கிக் கால்வரை சுரீரென்று இறங்கும் நரம்பு வலியாலும் வருந்துகின்றவர்களுக்கு, ஜவ்வு விலகலை ஆபரேஷன் இல்லாமலே பூரணமாகக் குணப்படுத்துவதாக வாக்களித்து, டிகம்ப்ரஷன் என்னும் யந்திர சிகிச்சை பட்டணங்கள்தோறும் விளம்பரம் செய்யப்பட்டுவரும் இக்காலத்தில், அதைப்பற்றிய அபிப்பிராயத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்வது இயன்முறை மருத்துவர்களின் சங்கமாகிய எங்களுக்குக் கடமையாகிறது. இவ்வலிகளுக்கு உரிய வைத்தியமாக அதை நாங்கள் சிபாரிசு செய்வதற்கில்லை.

யந்திரம் புதிது, அதன் கருத்தோ மிகப் பழையது. நோயாளியைப் பலகையில் கிடத்திக் கயிற்றால் இழுக்கும் முறை ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே காணப்படுகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்ஷனும் அதன் வழிவந்ததே. இப்போதைய மேஜை இரண்டு பகுதிகளாக அமைந்தது. விலாவைச் சுற்றி ஒரு பட்டையும் இடுப்பைச் சுற்றி மற்றொன்றும் இறுக்கியபின், மோட்டார் மெல்ல இழுத்து, சற்றே நிறுத்தி, தளர்த்தி, மறுபடியும் இழுக்க, பக்கத்துத் திரையில் ஒரு கோடு ஏறி இறங்குகிறது. இழுக்கும் வேளையில் டிஸ்க் என்னும் அந்த ஜவ்வின் உள்ளழுத்தம் வெகுவாகத் தாழ்கிறது என்று 1994-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மிகச் சில நோயாளிகளிடம் அளந்து சொன்னதை இன்றுவரை விளம்பரங்கள் ஆதாரமாகக் காட்டுகின்றன. மேஜையில் படுத்திருக்கையில் அழுத்தம் குறைவது வேறு, வீடு திரும்பி வாரங்கள் கழிந்தபின்னும் வலி குறைந்திருப்பது வேறு.

இழுவை முறைகளைப் பற்றிய 32 பரிசோதனைகளை, அவற்றில் பங்கேற்ற 2,762 பேரின் விவரங்களோடு 2013-ல் பரிசீலித்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, வலியிலோ நடமாட்டத்திலோ குறிப்பிடத்தக்க பயன் காணவில்லை. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2016-ல் இழுவையை அளிக்கவேண்டாம் என்றது. நாட்பட்ட இடுப்பு வலியைக் குறித்து உலக சுகாதார ஸ்தாபனமும் 2023-ல் அவ்வாறே கூறியது. டிகம்ப்ரஷனுக்கு ஆதரவாகச் சில சிறு ஆய்வுகள் உண்டு. மேஜையிலிருந்து எழும்போது சற்றே இதமாக இருக்கிறது என்று சொல்லும் நோயாளிகளையும் நாங்கள் அறிவோம், அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆயினும் அந்த இதம் பெருந்தொகை கொடுத்து வாங்கத்தக்க குணமாகாது.

இவ்விடத்தில் பொதுமக்கள் முக்கியமாக அறியவேண்டியது ஒன்றுண்டு. டிஸ்க் பிதுங்கி நரம்பை உறுத்துவதால் வரும் வலி, பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் சுபாவமாகவே தணிந்துவிடுகிறது. பிதுங்கிய பகுதியைச் சரீரமே சிறுகச் சிறுகக் கரைத்துவிடுவதையும் எம்.ஆர்.ஐ. படங்களில் பார்க்கிறோம். யந்திர சிகிச்சைக்குச் சொல்லப்படும் இருபது அமர்வுகளும், வலி தானே தணிந்துவரும் இதே காலத்தில்தான், ஏறத்தாழ நாலைந்து வாரங்களில் நடக்கின்றன. ஆகவே இயற்கை செய்த உபகாரத்தை யந்திரத்தின் கணக்கில் எழுதிக்கொள்வது எவருக்கும் எளிதாகிறது. வலியே இல்லாதவர்களின் படத்திலும் டிஸ்க் பிதுக்கம் சகஜமாகத் தென்படுவதால், படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதை நாங்கள் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

வலி பெரும்பாலும் தானே தணியும் என்னும் உண்மையை எங்கள் அங்கத்தினர்கள் நோயாளியிடம் முதலிலேயே சொல்லவேண்டும். முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கலாகாது. பூரண குணம் என்று வாக்களிக்கலாகாது. நடமாட்டத்தை விடாதிருத்தல், ஆளுக்கேற்ற தேகப்பயிற்சி, வலியைப் பற்றிய தெளிவான விளக்கம் ஆகியவையே முதற்கண் அளிக்கத்தக்கவை. எலும்பு மெலிவு, முறிவு, புற்றுநோய், முதுகெலும்பில் தொற்று, வயிற்றுப் பெருநாள வீக்கம் உடையவர்களையும் கர்ப்பிணிகளையும் மேஜையில் ஏற்றவே கூடாது.

இருகால்களும் வலுவிழத்தல், மலசல வாயைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் வராமல் அடைபடுதல் ஆகிய குறிகளில் எது தோன்றினாலும், பிசியோதெரபிக்கோ யந்திரத்துக்கோ காத்திராமல், அந்த நிமிஷமே அவசர சிகிச்சைப் பிரிவுள்ள ஆஸ்பத்திரிக்குச் செல்லும்படி பொதுமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.