என்ஜினை மாற்றுங்கள், பெட்டிகளைக் கழற்றி விடாதீர்கள்

கோச்சி கேம் பற்றி ஒரு நீளமான பதிவு. "நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்க, சேர்மாருக்கு இதுவா வேலை?" என்று கேட்க நினைப்பவர்கள் கடைசி வரை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கள் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் சில வாரங்களாக ஒரே சண்டை. "ஓபன் ரெயில்ஸ் எல்லாம் கிழட்டு வேலை. அன்ரியல் என்ஜினுக்குப் போவோம். பழசை முழுக்க டிலீட் பண்ணிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோம்" என்கிறது ஒரு பகுதி. "உள்ளது போதும், அதில் கை வைக்க வேண்டாம்" என்கிறது மற்றப் பகுதி. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து வந்த இந்தப் பிள்ளைகளோடு பாடசாலைக் கணினி அறையில் பல வருடம் பின்னேரங்களைக் கழித்த ஆசிரியர்கள் என்ற வகையில் சொல்கிறோம்: இரண்டு பகுதியும் பிழை. முதலாவது பகுதி கூடுதல் பிழை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2001 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'ட்ரெயின் சிமியுலேட்டர்' என்று ஒன்றை வெளியிட்டது. அதில் இருந்தது ஆறே ஆறு பாதைகள்: இங்கிலாந்தில் ஒன்று, ஒஸ்ட்ரியாவில் ஒன்று, ஜப்பானில் இரண்டு, அமெரிக்காவில் இரண்டு. எங்கள் பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆனால் புதிய பாதையும் புதிய வண்டியும் செய்து சேர்க்க வழி வைத்திருந்தார்கள். அந்த வாசலால் உலகம் முழுவதும் ஆர்வலர்கள் நுழைந்தார்கள். இந்தியர்கள் தங்கள் வண்டிகளைச் செய்தார்கள், எங்கள் நாட்டவர்கள் எங்கள் வண்டிகளைச் செய்தார்கள். யாரும் ஒரு சதம் வாங்கவில்லை. இரண்டாவது பதிப்பை மைக்ரோசொப்ட் இரண்டு முறை அறிவித்தது, இரண்டு முறையும் கைவிட்டது. 2009 இல் அதைச் செய்துகொண்டிருந்த பிரிவையே மூடிவிட்டது. அதே வருடம் தொண்டர்கள் தொடங்கியதுதான் ஓபன் ரெயில்ஸ். இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது, பழைய கோப்புகளை அப்படியே வாசிக்கும். நிறுவனம் நடு வழியில் விட்டுப்போன கோச்சியை ரசிகர்கள் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார்கள்.

இப்போது 'டிலீட்' என்ற சொல்லுக்கு வருவோம். எதை டிலீட் பண்ணச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துதான் சொல்கிறீர்களா?

வடக்குப் பாதையில் யாழ் தேவி 1956 இல் ஓடத் தொடங்கியது, 1990 இல் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் கழற்றினார்கள், சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போயின. 2014 ஒக்டோபரில் கோச்சி மறுபடி யாழ்ப்பாணம் போனது. ஆனால் அது இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்ட பாதை. பழைய வடக்குப் பாதை பூமியில் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே கடமை செய்த ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், எந்த ஸ்டேஷனில் எத்தனை லூப், கைகாட்டி எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டி எங்கே என்று ஞாபகத்தில் இருந்து பென்சிலால் வரைந்து எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பதினொரு தாள்கள். அதை வைத்து அவர்கள் ஒன்றரை வருடம் அந்தப் பாதையைக் கட்டினார்கள். அவர் மௌத்தாகிவிட்டார். இன்று அந்தப் பாதை இருப்பது அந்தத் தாள்களிலும் இந்தக் 'கிழட்டு' கோப்பிலும் மட்டும்தான்.

வெள்ளவத்தை ஸ்டேஷன் மேடையைக் காலடியால் அளந்தது ஒரு பிள்ளை. எம்2 என்ஜினின் சத்தத்தை ஃபோனில் பதிவு செய்ய விடியற்காலை போய் நின்றது இன்னொரு பிள்ளை. (1954 இல் இருந்து கனடா கொடுத்த, கனடா மாகாணங்களின் பெயர் எழுதிய அதே என்ஜின்கள்தான்.) 2019 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு முஸ்லிம் பிள்ளை கமராவோடு தண்டவாளத்தைப் படம் எடுத்துக்கொண்டு நிற்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஒருவனை இரண்டு மணித்தியாலம் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். நாங்கள்தான் போய்க் கதைத்துக் கூட்டி வந்தோம். அவன் எடுத்த படங்களில் இருந்து வந்ததுதான் அந்தப் பெயர்ப் பலகைகள்.

சிமியுலேட்டர் என்பது இதுதான். கேம் என்ஜின் இதை இழுத்துக்கொண்டு போகும் வாகனம், அவ்வளவுதான்.

"ஆனால் சேர், கிராஃபிக்ஸ் இல்லாவிட்டால் புதுப் பிள்ளைகள் வரமாட்டார்கள்." சரி, ஒத்துக்கொள்கிறோம். வெள்ளவத்தைக் கடல் நீலக் கடதாசி மாதிரித்தான் இருக்கிறது. கடலோரப் பாதையில் அந்தி நேரத்துக் கோச்சியின் அழகை அது காட்டவில்லை. அதனால்தான் "கை வைக்காதே" என்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. ஓபன் ரெயில்ஸும் ஒரு காலத்தில் மைக்ரோசொப்ட்டின் எக்ஸ்.என்.ஏ. என்ற அடித்தளத்தில்தான் நின்றது. மைக்ரோசொப்ட் அதையும் கைவிட்டது. அவர்கள் மொனோகேம் என்ற திறந்த அடித்தளத்துக்கு மாறினார்கள். மாறும்போது யாருடைய பாதையையும் குப்பையில் போடவில்லை. அதே கோப்புகள் புதிய அடித்தளத்தில் ஓடின. மாறுவதற்கு இதுதான் உதாரணம். மற்ற உதாரணமும் இருக்கிறது: டவ்டெயில் நிறுவனம் 2017 இல் அன்ரியல் என்ஜினில் 'ட்ரெயின் சிம் வேர்ல்ட்' கொண்டு வந்தபோது, அதன் பழைய சிமியுலேட்டருக்கு மக்கள் சல்லி கொடுத்து வாங்கிய பாதைகள் புதியதில் ஓடவில்லை. புதியதற்கு மறுபடி வாங்க வேண்டும். வியாபாரத்துக்கு அது சரியாக இருக்கலாம். எங்களுக்கு என்ன தலைவிதி?

'நவீனம்' என்ற சொல்லைக் கேட்டு மயங்குகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. வழமையான கேம் என்ஜின்கள் ஒரு பொருள் இருக்கும் இடத்தை 32 பிட் எண்ணில் வைக்கின்றன. கொழும்புக் கோட்டையைப் பூச்சியமாக வைத்தால் யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 300 கிலோமீற்றர். அந்தத் தூரத்தில் அந்த எண்ணால் 3 சென்ரிமீற்றருக்குக் குறைவான இடைவெளியைச் சொல்ல முடியாது. விளைவு, சில்லும் தண்டவாளமும் ஒன்றை ஒன்று விட்டுத் துள்ளும், யாழ் தேவி காய்ச்சல் வந்தது போல நடுங்கிக்கொண்டே யாழ்ப்பாணம் போகும். 2001 இல் செய்தவர்கள் இதை அறிந்துதான் உலகத்தை 2048 மீற்றர் சதுரங்களாக வெட்டி, எந்தச் சதுரம், அதற்குள் எந்த இடம் என்று கணக்கு வைத்தார்கள். புதிய என்ஜின்களிலும் இதற்கு வழி உண்டு. அன்ரியல் 5 இல் 64 பிட் கணக்கு இருக்கிறது, கோடோ 4 ஐ அப்படித் தொகுத்துக்கொள்ளலாம். ஆனால் கிழடு என்று நீங்கள் சிரிக்கிற சாமானுக்கு இது இருபது வருடத்துக்கு முன்பே தெரியும். வெற்றிடப் பிரேக்கும் அப்படித்தான். காரும் துப்பாக்கியும் ஓடுகிற கேமுக்கு அது தேவையில்லை, ஆகவே அந்த என்ஜின்களில் அது தயாராக இருக்காது. கடுகண்ணாவை ஏற்றத்தில் 44 அடிக்கு ஓர் அடி உயரும் பாதையில் வண்டி எப்படி மூச்சு வாங்கும் என்பதை நீங்களே எழுத வேண்டும். ஓபன் ரெயில்ஸில் அந்தக் கணக்கு எழுதிக் கிடக்கிறது, திறந்தும் கிடக்கிறது. எடுத்து வாசியுங்கள்.

அடுத்தது பெயர்ப் பலகை. எங்கள் ஸ்டேஷன்களில் மூன்று மொழி. இதில்தான் எங்களுக்குக் கோபம் வருகிறது. குழுவில் ஒருவர் போட்ட 'டெமோ' வீடியோவில் பலகை முழுக்க ஆங்கிலம். ஏன் என்று கேட்டால், "தமிழ் உடைகிறது சேர், பிறகு பார்ப்போம்." உடையத்தான் செய்யும். 'வெள்ளவத்தை' என்ற பெயரில் 'வெ', 'தை' என்று இரண்டு இடத்தில் குறி எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். எழுத்துக் கோர்வை தெரியாத என்ஜின் அதை எழுத்துக்குப் பின்னால் தூக்கிப் போடும். சிங்களத்துக்கும் இதே வில்லங்கம்தான். 2023 இல் வந்த கோடோ 4 இவற்றைச் சரியாகக் கோர்க்கிறது. ஆக, என்ஜினைத் தெரிவு செய்யும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி இது. "பிறகு பார்ப்போம்" என்று இந்த நாட்டில் தமிழுக்குச் சொன்னவர்கள் எத்தனை பேர், எத்தனை வருடம் என்று நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறோம். எங்கள் சொந்தப் பிள்ளைகளின் வாயில் இருந்தும் அதைக் கேட்க வேண்டுமா?

இயந்திரச் செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 200 ரூபா சுமாரில் இருந்த டொலர் 2022 இல் 360 வரை போனது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் எத்தனை வீட்டில் புதிய கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கினார்கள்? வெளிநாட்டில் இருக்கும் நானா அனுப்பிய கம்பியூட்டரில் மட்டும் ஓடுகிற கோச்சி எங்கள் கோச்சி இல்லை.

இன்னொருவரின் உடைமையான என்ஜினில் வீடு கட்டுவதும் யோசிக்க வேண்டியது. 2023 செப்டெம்பரில் யூனிட்டி நிறுவனம், ஒரு எல்லையைத் தாண்டிய கேம்களை மக்கள் நிறுவும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று அறிவித்தது. உலகமே சத்தம் போட்ட பிறகு, அடுத்த வருடம் அதைக் கைவிட்டார்கள். எங்களை அந்தக் கட்டணம் தொட்டிருக்காது. ஆனால் விதியை நடுவில் மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டோம்.

கடைசியாக, பாரமான விஷயம். பழைய மாதிரிகள் பலவற்றில் செய்தவர் எழுதி வைத்திருக்கிறார்: இலவசமாகப் பாவிக்கலாம், விற்கக் கூடாது, கேட்காமல் மாற்றக் கூடாது. அவர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள், சிலருக்குப் போட்ட மின்னஞ்சல் திரும்பி வருகிறது, சிலர் உயிரோடு இல்லை. "யார் கேட்கப் போகிறார்கள், எடுத்து மாற்றிப் போடுவோம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். யாரும் கேட்காத இடத்தில்தான் அமானிதம் என்ற சொல்லுக்கு வேலை வருகிறது. இந்தப் பாடத்தை நாங்கள் சரியாகப் படிப்பிக்கவில்லை என்றால் குற்றம் எங்களுடையது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். முதலில், ஒவ்வொரு மாதிரியையும் யார் செய்தது, என்ன அனுமதி தந்தார் என்று ஒரு பதிவேடு எழுதுங்கள். அனுமதி தேடிக் கிடைக்காததைப் புதியதில் சேர்க்காதீர்கள், பழையதில் அப்படியே இருக்கட்டும். படம், அளவு, சத்தம், கையால் வரைந்த தாள் எல்லாவற்றினதும் மூலப் பிரதியை எந்த என்ஜினும் வாசிக்கக் கூடிய திறந்த வடிவில் மூன்று இடத்தில் வையுங்கள். புதிய என்ஜினில் முதலாவதாக வெள்ளவத்தைப் பலகையை மூன்று மொழியிலும் எழுதிக் காட்டுங்கள். அதைக் கணினி அறையின் ஆகப் பழைய கம்பியூட்டரில் ஓட்டிக் காட்டுங்கள். கோட்டையில் இருந்து யாழ்ப்பாணம் வரை நடுக்கமில்லாமல் ஒரு கோச்சி போய்ச் சேரும் வரை பழையதன் பக்கம் ஒருவரும் போகக் கூடாது.

இதற்குச் சம்மதமானவர்கள் வாருங்கள், கணினி அறைச் சாவி எங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அந்தப் பதினொரு தாள்களையும் ஸ்கேன் செய்வதில் இருந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். டிலீட் பண்ணச் சொன்ன பிள்ளையும் வரவேண்டும். அந்தத் தாள்களை அவன் இதுவரை கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.