போர்த்தி மூடினால் புதுசாகிவிடுமா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தேன். ஓரமாக ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றது. கூரையைக் கழற்றித் திறந்த வண்டியாக மாற்றியது. பக்கத்தில் நின்ற பையனுக்கு முப்பது வயதிருக்கும். நான் நின்று பார்ப்பதைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "உள்ளே பாருங்க அங்கிள், மொத்தமா புதுசு பண்ணியிருக்கேன்" என்றான்.

பார்த்தேன். டைமண்ட் தையல் போட்ட சிவப்பு லெதர் சீட். கணுக்கால் புதைகிற கார்ப்பெட். டேஷ்போர்டு மேல் கண்ணாடி மாதிரி மின்னும் பாலிஷ். கீழே ஓரமாக நீல விளக்கு வேறு.

"நல்லா இருக்கு தம்பி. அந்தக் கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டேன்" என்றேன்.

"வராது அங்கிள். கம் போட்டு ஒட்டியிருக்கு."

அதற்கு மேல் நான் ஒன்றும் பேசவில்லை. காலையில் ஒரு பையனின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பழைய திறந்த காரின் உள்பக்கத்தைப் புதுப்பிக்கிறேன் என்று இன்று நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது புதுப்பிப்பே இல்லை. அது போர்த்துவது. பிணத்துக்குப் பட்டுப் போர்த்துகிற மாதிரி.

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இரண்டு இருக்கிறது. ஒன்று, பெரம்பூர் ஐ.சி.எப்.பில் பர்னிஷிங் பகுதியில் 34 வருஷம் வேலை பார்த்தவன். ரெக்ஸினும், ரப்பர் சேர்த்த தேங்காய் நாரும், தரைத் தகடும்தான் எனக்குச் சோறு போட்டவை. இரண்டாவது, இதே தப்பை நானே செய்து, என் மனைவியின் நெற்றியில் நாலு தையல் போட வைத்தவன். முதல் தகுதியை விட இரண்டாவதுதான் பெரியது.

எங்கள் வண்டி 1966 மாடல் இரண்டு கதவு ஹெரால்டு. என் தாய்மாமா வாங்கியது. நம் வயதுக்காரர்களுக்கு ஹெரால்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரில் 1959இல் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவானி மிக்கலாட்டி. 1961 முதல் நம் வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் செய்தார்கள். 948 சி.சி. இன்ஜின். பேனட்டை முன்பக்கமாகத் தூக்கினால் இன்ஜினும் முன் சக்கரமும் மொத்தமாகத் தெரியும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

அந்த வண்டியின் விசேஷம் அடியில் இருக்கிறது. அதற்குத் தனிச் சேஸி. உடம்பு துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மேலே உட்கார்ந்திருக்கிறது. கூரையும் போல்ட்தான். அம்பாசடரிலோ பத்மினியிலோ கூரையை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பையே வெட்டியதாகிவிடும், ஏனென்றால் அவற்றில் உடம்புதான் சேஸி. ஹெரால்டில் அப்படி இல்லை. டிரையம்ப் கம்பெனியே அதே சேஸியில் மூடிய கார், கூப்பே, திறந்த கார் என்று விற்றது. அதைக் குட்டையாக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. அதனால் 1978இல் மாமா புதுப்பேட்டையில் கூரையைக் கழற்றி, கான்வாஸ் டாப் தைத்து, ஆர்.சி. புக்கிலும் ஏற்றி வைத்தபோது அது பெரிய பாவம் ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் ஜிப்ஸி இன்ஜின் ஏறியது. மாமா போன பிறகு வண்டி என்னிடம் வந்தது.

2019இல் அண்ணன் மகன் பிடிவாதம் பிடித்தான். "சித்தப்பா, வெளியே ஜம்முனு இருக்கு, உள்ளே பார்த்தா பழைய டூரிங் டாக்கீஸ் மாதிரி இருக்கு. எல்லாத்தையும் மாத்திடலாம்." நானும் சரி என்றேன். ஒரு கடையில் விட்டோம். எந்தக் கடை என்பது வேண்டாம், அந்த ஒரு கடையின் குற்றம் மட்டும் இல்லை இது. 1,40,000 ரூபாய். பத்தே நாளில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வாசனையே புதுக் கார் வாசனை. ஐ.சி.எப்.பில் 34 வருஷம் இருந்தவன், கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன செய்தீர்கள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மினுமினுப்பு அப்படிக் கண்ணை மறைத்துவிட்டது.

2020 நவம்பரில் நிவர் புயல். டிசம்பரிலும் மழை. வண்டி ஷெட்டில்தான் நின்றது. ஆனால் திறந்த வண்டிக்குத் தண்ணீர் எப்படியும் வந்து சேரும். டாப்பின் ஓரத்தில், கண்ணாடி பீடிங்கில், கதவு இடுக்கில். கார்ப்பெட்டுக்கு அடியில் அரை இஞ்ச் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார்கள். அது குடித்த தண்ணீர் வெளியே வர வழியில்லை. தரையில் தண்ணீர் இறங்க இருந்த ஓட்டைகளைச் 'சத்தம் வருது' என்று தார் ஷீட் போட்டு அடைத்துவிட்டார்கள்.

2021 பொங்கல் கழிந்து முதல் சவாரி. திருவான்மியூர் சிக்னலில் ஒரு ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வேகம் முப்பதுகூட இருக்காது. பக்கத்து சீட் அப்படியே முன்னால் சாய்ந்து, என் மனைவியின் நெற்றி டேஷ்போர்டில் மோதியது. இரண்டு கதவு ஹெரால்டில் பின்னால் ஏறுவதற்காக முன் சீட் மொத்தமும் முன்பக்கம் மடங்கும். தரையில் திருகிய கீல்களில்தான் அது நிற்கிறது. ஒரு கீலின் போல்ட் உள்ளங்கை அகலத் தரைத் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேலே கார்ப்பெட்டில் ஒரு கறைகூட இல்லை!

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏங்க, அவ்வளவு பணம் கொடுத்தோமே, அடியில ஒருத்தரும் பார்க்கலையா?"

இன்றுவரை அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். திறந்த காரின் உள்பக்கம் என்பது வரவேற்பறை இல்லை. அது பாதி திண்ணை. வெயிலும் மழையும் உப்புக் காற்றும் அங்கே வரத்தான் செய்யும். திண்ணையில் யாராவது மெத்தை விரித்து ஒட்டி வைப்பார்களா? ரயில் பெட்டியில் துரு முதலில் எங்கே வரும் என்று ஐ.சி.எப்.பில் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் சொல்வார்: கக்கூஸ் அடியில், கதவு ஓரத்தில். அதாவது தண்ணீர் தங்கும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். காருக்கும் அதே கதைதான்.

சரி, லெதர்? "லெதர்தான் சார் ராயல்" என்கிறார்கள். லண்டன் குளிருக்கு ராயலாக இருக்கலாம். நம் கத்திரி வெயிலில் நாலு நாள் நின்றால் எண்ணெய்ப் பசை வற்றி வெடிக்கும். ஐப்பசி மழையில் பூஞ்சை பூக்கும். டேஷ்போர்டில் ஊற்றுகிற அந்தக் கண்ணாடிப் பாலிஷ் வெயிலில் மயிரிழையாக விரியும். அதன் வழியே ஈரம் இறங்கி, பலகை வெளுத்து உரியும். சீட்டில் திணிக்கிற தடித்த ஃபோமோ இன்னொரு வினை. சின்ன வண்டி அது. சீட் இரண்டு இஞ்ச் உயர்ந்தால் ஸ்டியரிங் தொடையில் இடிக்கிறது, தலை டாப்பில் தட்டுகிறது, கண் நேராக முன் கண்ணாடியின் மேல் சட்டத்தில் நிற்கிறது. சாலையைக் குனிந்து பார்த்து ஓட்ட வேண்டும். இதற்குப் பெயர் சொகுசாம்!

இன்னொரு பக்கம் 'ஒரிஜினல்' பண்டிதர்கள். அவர்களையும் விடமாட்டேன். ராலியில் என் வண்டியைப் பார்த்து ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். "டாப்பை எடுத்துட்டீங்க, இன்ஜின் மாத்திட்டீங்க. இது ஹெரால்டே இல்ல சார். பழையபடி ஆக்கிடுங்க." 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு வின்டேஜ் பதிவு வேண்டுமென்றால் சேஸி, உடம்பு, இன்ஜினில் மாற்றம் இருக்கக்கூடாது. என் வண்டிக்கு அது கிடைக்காது. தெரியும். சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கும்போது, இன்று புதிதாக ஒருவன் கூரையை வெட்டக் கிளம்பினால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 1978இல் கழற்றிய கூரை அந்த வண்டியின் சரித்திரம். கூரை இருந்த காலத்தைவிட இல்லாமல் ஓடிய காலம்தான் அதிகம். அதை அழித்து 1966க்குத் திருப்புவதும் ஒருவகைப் போர்த்தல்தான்.

அப்படியானால் என்னதான் செய்வது? நான் செய்ததைச் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் கழற்றினேன். புதுப்பேட்டைச் சந்தில் எழுபது வயது தாண்டிய ஒரு குஷன்காரர் இருக்கிறார். பாய் என்றுதான் கூப்பிடுவேன். சீட்டை அவர் முன் வைத்ததும், கத்தரிக்கோலை எடுக்கவில்லை. தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். லெதருக்குக் கீழே கறுப்பு ரெக்ஸின். அதற்குக் கீழே ஒரு பழுப்பு. அதற்கும் கீழே, 1978இல் மாமா போட்ட பச்சை. வெங்காயம் உரிக்கிற மாதிரி.

"பாருங்க சார், நாலு பேர் துணி போட்டிருக்கான். ஒருத்தன்கூட உள்ளே திறந்து பார்க்கல. ஸ்பிரிங் உடைஞ்சு இருபது வருஷம் இருக்கும்" என்றார் பாய்.

முதல் வேலை தரை. டிங்கர் மக்கிய தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்தார். பட்டி தடவி மறைக்கவில்லை. புதுத் தகடு வைத்து வெல்டிங், துத்தநாக ப்ரைமர், மேலே பெயின்ட். சீட் கீலுக்கும் சீட் பெல்ட்டுக்கும் தரைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புப் பட்டை. அந்தக் காலத்தில் பெல்ட் கிடையாதே என்பார்கள். அந்தக் காலத்தில் இவ்வளவு வண்டியும் கிடையாது. தண்ணீர் ஓட்டைகளைத் திறந்து ரப்பர் மூடி போட்டேன். ஒயரிங்கைப் பிரித்து ஃபியூஸ் வைத்தேன். முன்பு பாட்டுப்பெட்டிக்காக ஃபியூஸ் இல்லாமல் இழுத்திருந்த ஒயர், கார்ப்பெட்டுக்குக் கீழே தோல் உரிந்து கிடந்தது. எரியாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கடைசியில்தான் சீட். பழைய சட்டம், புது ஸ்பிரிங், ரப்பர் சேர்த்த தேங்காய் நார், மேலே வெளிர் பழுப்பு ரெக்ஸின். வெயிலில் கறுப்பு மாதிரி சுடாது. பருத்தி நூல் மக்கிவிடும் என்று நைலான் நூலில் தைத்தார் பாய். உறையை அடியில் கொக்கி போட்டு மாட்டியிருக்கிறார், கழற்றிப் பார்க்கலாம். தரையில் ரப்பர் மேட், ஒட்டவில்லை. மழை பெய்தால் தூக்கி வெயிலில் போடுவேன். தரைக்கு 38,000, சீட்டுக்கு 22,000, ஒயரிங்குக்கு 9,000. மூன்று மாதம் பிடித்தது. போர்த்தியதில் பாதிப் பணம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மூடிய கார், மழையில் எடுக்கமாட்டேன், வருஷத்தில் நாலு நாள்தான் ஓட்டுவேன் என்றால் கார்ப்பெட் போடுங்கள், தப்பில்லை. அப்போதும் ஒட்டாதீர்கள். பட்டன் வைத்து மாட்டுங்கள். கடைக்காரரிடம் கலர் அட்டையைக் கேட்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை நானே கழற்றி அடியில் பார்க்க முடியுமா?" முடியாது என்றால் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

அண்ணன் மகனுக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான். "போட்டோல பளிச்சுனு வரமாட்டேங்குது சித்தப்பா" என்கிறான். வராமல் போகட்டும். என் மனைவி இந்த வண்டியில் மறுபடி ஏற ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஏறும் முன் குனிந்து, ரப்பர் மேட்டைத் தூக்கி, கீலைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். இப்போதும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

அடுத்த ஞாயிறு பெசன்ட் நகர் போவேன். அந்தப் பையன் வந்தால் இந்தத் தடவை பேசாமல் வரமாட்டேன். கார்ப்பெட்டின் ஒரு மூலையையாவது கத்தியால் கீறிப் பார் தம்பி என்று சொல்லப் போகிறேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.