தண்ணீர் மட்டும் போதுமாம்!

பை வேண்டாம், வடிகட்டி வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும் என்று சொல்லித்தான் நீர்த்தொட்டி வக்கியூம் கிளீனர்கள் வீடு வீடாக விற்கப்படுகின்றன. விலையோ சாதாரண இயந்திரத்தைப் போல் பல மடங்கு. ஆஸ்துமாவுள்ள பிள்ளைக்காகத் தவணைமுறையில் கடன்பட்டு வாங்குவோரும் உண்டு. ஆகவே இதனை வெறும் விளம்பர மிகை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

விற்பனையாளர் கம்பளத்தின் மீது இயந்திரத்தை ஓட்டிவிட்டு, தொட்டியில் கலங்கிய கரிய நீரைக் காட்டுவார். வீட்டார் வாயடைத்துப் போவார்கள். அந்த நீர் எதனை நிரூபிக்கின்றது? பிடிபட்டதை மட்டுமே. தப்பிப் போனதைப் பற்றி அது பேசாது. மணலும் மயிரும் நனைந்து கனத்துத் தொட்டியில் தங்கிவிடும். மிக நுண்ணிய தூசோ காற்றுக் குமிழிகளுக்குள் இருந்துகொண்டு, நனையாமலே நீரைக் கடந்துவிடும். அதனைத் தடுக்கவே தரமான இயந்திரங்களில் நீருக்கு மேலே அதிவேகமாகச் சுழலும் பிரிப்பான் ஒன்றும், காற்று வெளியேறும் வழியில் ஹெப்பா வடிகட்டியும் பொருத்தப்படுகின்றன. தண்ணீர் மட்டும் போதுமென்றால் தயாரிப்பாளர்களுக்கு இந்த வேலை எதற்கு?

ஐரோப்பிய ஒன்றியம் 2013 இல் வகுத்த விதிகளின் முதற் கட்டம் 2014 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்தபோது இவ்வகை இயந்திரங்களுக்கு விலக்கு இருந்தது. 2017 செப்டெம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அந்த விலக்கு இல்லை. உறிஞ்சிய நுண்தூசில் 1 வீதத்திற்கு மேல் வெளியே விடலாகாது. மோட்டர் குறைந்தது 500 மணித்தியாலம் உழைக்கவேண்டும். கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று கணக்கிட்டால் அது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல்.

அப்படியிருக்க, இரண்டாம் ஆண்டிலேயே மோட்டர் போய்விட்டது, புதியதை வாங்குங்கள் என்ற தீர்ப்பு எப்படி வருகின்றது? ரொறன்ரோவில் என் மருமகளுக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைத்தது. தெருமுனையில் திருத்தும் கடை வைத்திருந்த முதியவர் ஒருவர் பிரிப்பானைக் கழற்றி, அதன் இடுக்குகளில் சேறாக இறுகியிருந்த அழுக்கைப் பற்தூரிகையால் உரசி எடுத்தார். இயந்திரம் பழையபடி இழுத்தது. பிரிப்பானைக் கழற்றலாம் என்பதையே அவளுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை!

சொல்லவேண்டியவர்கள் சொல்லாததால் நான் சொல்கிறேன். இழுவை குறைந்தால் முதலில் நெளிகுழாயைக் கழற்றிவிட்டு இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். அங்கு இழுவை பலமாக இருந்தால் அடைப்பு குழாயிலோ தூரிகைத் தலையிலோதான் இருக்கின்றது. அங்கும் பலவீனமென்றால், மின்னிணைப்பை எடுத்துவிட்டு, தொட்டி சரியாகப் பூட்டப்பட்டுள்ளதா, இறப்பர் வளையம் விலகியுள்ளதா, பிரிப்பானும் ஹெப்பாவும் அடைபட்டுள்ளனவா என்று பாருங்கள். தீப்பொறியும் கருகல் மணமும் வந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதனை மாற்றுவது மோட்டரையே மாற்றுவதாகாது.

நுரைக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன். கம்பளத்தில் எஞ்சிய சவர்க்காரமோ ஷாம்பூவோ தொட்டிக்குள் வந்தால் நுரை பொங்கி மோட்டரை எட்டிவிடும். உடனே நிறுத்தி நீரை மாற்றவேண்டும். நுரையடக்கி சில துளிகள் விடலாம். குறித்த அளவுக்கு மேல் நீர் ஊற்றினாலும், நீரோடு இயந்திரத்தைச் சரித்துத் தூக்கினாலும் இதே ஆபத்து. வேலை முடிந்ததும் நீரைக் கொட்டித் தொட்டியைக் கழுவிக் காயவிடவேண்டும். ஓர் இரவு அப்படியே விட்டாலும் நாறத் தொடங்கிவிடும். அந்த நாற்றத்துக்கு வாசனைத் திரவியம் விற்க வருபவர்களும் அவர்களே!

இயந்திரம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பராமரித்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவைக்க வேண்டிய ஒரு பொருளை, பராமரிப்பே தேவையில்லாத பொருளென்று விற்பது வியாபாரமல்ல, ஏமாற்று. அடுத்த முறை ஒருவர் வந்து கரிய நீரைக் காட்டினால், பிரிப்பானைக் கழற்றிக் காட்டும்படி அவரையே கேளுங்கள். உதிரிப்பாகங்களின் விலைப்பட்டியலையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.