காரைக்காலுக்கு ரோபோ எதற்கு என்போருக்கு

ரோபோ என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ‘கூலிக்கு ஆள் கிடைக்கிற ஊரில் ரோபோ எதற்கு?’ என்பது ஒன்று. ‘ரோபோ வந்தால் இருக்கிற பிழைப்பும் போய்விடும்’ என்பது மற்றொன்று. ஆளைவிடச் செலவு கூடுதல் என்பதால் வராது என்கிறது முதல் வாதம். ஆளைவிட மலிவாக முடித்துவிடும் என்பதால் வேலை போகும் என்கிறது அடுத்தது. ஒரே இடத்தில் இரண்டும் உண்மையாக இருக்க வழியில்லை. ஆனாலும் இரண்டும் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதித்துவிடுகின்றன: மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக்களைப் பற்றிய பேச்சு ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை வாசலைத் தாண்டுவதே இல்லை. காரைக்கால் போன்ற சின்ன நகராட்சிகளுக்குத்தான் இந்த வகை ரோபோ அவசரமாகத் தேவை என்பதும், அது இங்கே நிலைக்குமா என்பது அதைச் செய்யும் நிறுவனத்தின் தலைமை எதை விற்கிறது என்பதைப் பொறுத்தது என்பதும் என் வாதம்.

முதலில் கூலிக் கணக்கு. காரைக்கால் பெரும்பாலும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கும் ஊர். தொட்டி நிறைந்தால் லாரி வருகிறது; குழாயை உள்ளே விட்டு, நீராக இருப்பதை உறிஞ்சிக்கொண்டு போகிறது. அடியில் பல ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும் கசடு குழாய்க்கு ஏறாது. ‘ஆளை இறக்கினால் முடிந்துவிடும்’ என்ற யோசனை எந்த ஊரிலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. கசடைக் கிளறியதும் அதில் அடைபட்டிருந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு மேலே எழும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் மூக்கு அந்த வாடையை அறியும் சக்தியையே இழந்துவிடும். வாடை போய்விட்டது என்று உள்ளே நிற்பவர் நினைக்கும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் சாவது இதனால்தான். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இப்படி 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. 1993 முதலான கணக்கில் தமிழ்நாடுதான் முதலிடம். நம் ஒன்றியப் பிரதேசத்திலும், 2024 ஜூனில் புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், பாதாளச் சாக்கடையிலிருந்து கழிப்பறை வழியாக ஏறிய விஷவாயு வீட்டில் இருந்தவர்களையே கொன்றது. உரிய பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடை மரணத்துக்கு இழப்பீடு 30 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. மலிவு என்று சொல்லப்படும் கூலி, சட்டம் தடுத்த வேலைக்கான கூலி. அதை ரோபோவின் விலைக்கு எதிரே நிறுத்துவது கணக்கே அல்ல. அப்படியும் கணக்குப் போட விரும்புகிறவர்கள் இழப்பீட்டையும், குடும்பத் தலைவர் போன பிறகு படிப்பை விடும் பிள்ளைகளையும் சேர்த்தே போடட்டும்.

அடுத்து, வேலை போய்விடும் என்ற அச்சம். இதை எள்ளி ஒதுக்கக் கூடாது. தறி முதல் அறுவடை இயந்திரம் வரை டெல்டா மக்கள் பட்டறிந்த அச்சம் இது. ஆனால் கூட்டாக இயங்கும் ரோபோ பிறந்த கதை வேறு. 1996-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட், மைக்கேல் பெஷ்கின் இருவரும் உருவாக்கிய முதல் கருவிகளுக்குத் தாமாக நகரும் விசையே கிடையாது. தள்ளுவது தொழிலாளி, கனமான பாகம் எந்தப் பாதையில் போக வேண்டும் என்று வழிநடத்துவது மட்டும் கருவி. முதுகும் தோளும் நோகாமல் பார்த்துக்கொள்வதே அதன் வேலை. கேரளத்து ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் செய்த சாக்கடைத் துப்புரவு ரோபோவான பாண்டிகூட்டையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் சிக்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்ற இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் செய்தி உலுக்கிய இளம் பொறியாளர்கள் விமல் கோவிந்த் தலைமையில் செய்த இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் இறங்கியது. மேன்ஹோலின் வாய்க்கு மேலே ஒரு தாங்கி நிற்கும். அதிலிருந்து இறங்கும் பகுதி உள்ளே கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். கை நீண்டு சேற்றையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் அள்ளி வாளியில் போட, வாளி மேலே வரும். வாயுவின் அளவும் உள்ளே நடப்பதும் வெளியே திரையில் தெரியும். திரைக்கு முன்னால் ஒருவர் இருந்தாக வேண்டும். எந்த ஊர்ச் சாக்கடையில் எது அடைக்கும், கல் எது, வேர் எது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டும். நேற்றுவரை உள்ளே இறங்கியவரைவிட அதற்குத் தகுதியான ஆள் யார்? அந்த நிறுவனம் துப்புரவுத் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து அதை இயக்குபவர்களாக்கியது. வேலை போகவில்லை, குழிக்குள்ளிருந்து மேலே வந்தது.

மனிதரை அடியோடு விலக்க நினைத்த ரோபோக்கள் என்னவாயின என்பதும் இதற்குச் சாட்சி. ஜப்பானில் 2015-இல் வரவேற்பறை முதல் அறை வரை ரோபோக்களை நிறுத்தித் திறந்த ‘ஹென் நா’ ஹோட்டல், 2019-இல் அவற்றில் பாதிக்கு மேல் எடுத்துவிட்டது. விருந்தினரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் ஊழியர்களுக்கே அவை கூடுதல் வேலை வைத்தன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ‘இயந்திரம் ஒப்பந்தக்காரரிடம் போகும். அவர் தன் ஆளை உட்காரவைப்பார். குழியில் இறங்கியவர் குழியும் இல்லாமல் கூலியும் இல்லாமல் நிற்பார்’ என்பது அது. இந்தத் தொழிலில் இறக்கப்படுகிறவர்கள் யார், எந்தச் சாதியினர் என்பது ஊரறிந்தது. திரையும் விசைப்பலகையும் வந்ததும் அந்த நாற்காலிக்கு வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற சந்தேகத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அது இயந்திரத்தின் குணம் அல்ல, உடைமையின் குணம். உடைமையை வேறு விதமாக அமைக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழு செப்டிக் டேங்குக்கென்றே ஹோமோசெப் கருவியை உருவாக்கியது. உள்ளே இறங்கியதும் குடைபோல் விரியும் அதன் அலகுகள் சுழன்று, இறுகிய கசடைக் குழம்பாக்கும். பிறகு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். சோலினாஸ் நிறுவனத்தோடும் துப்புரவுத் தொழிலாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனோடும் சேர்ந்து 2022-இல் அதைக் களத்துக்குக் கொண்டுவந்தபோது, முதல் கருவிகள் போனது இதே வேலையில் கணவரை இழந்த பெண்கள் முன்நின்ற சுய உதவிக் குழுக்களுக்கு. டெல்லி அரசும் 2019-இல் 200 சாக்கடைத் துப்புரவு இயந்திரங்களைத் தொழிலாளர் குடும்பங்களே உரிமையாளராகும் வகையில் கொடுத்தது. ஆகவே கேட்க வேண்டியது, யார் பெயரில் இயந்திரம் வருகிறது என்பதை. வேண்டாம் என்று சொல்லித் தடுத்தால் அந்தக் கேள்வியைக் கேட்கும் வாய்ப்பே போய்விடும். தொழிலாளியும் பழைய குழியிலேயே இருப்பார்.

‘வாங்கிவிடலாம், பராமரிப்பது யார்? கடற்காற்றில் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து நகராட்சிக் கொட்டகையில் கிடக்கும்’ என்பார்கள். இதில் பாதி உண்மை. உப்புக் காற்றும், வடகிழக்குப் பருவமழையில் தெருவெல்லாம் நிற்கும் தண்ணீரும் கற்பனை அல்ல. ஆனால் கொட்டகையில் கிடக்கும் இயந்திரம் என்பது ஊரின் தோல்வியைவிட விற்ற நிறுவனத்தின் தோல்வி. புகழ்பெற்ற ரோபோ அறிஞர் ராட்னி புரூக்ஸ் தொடங்கிய ரீதிங்க் ரோபோட்டிக்ஸ், முகமும் கண்ணும் வைத்த பாக்ஸ்டரை 2012-இல் கொண்டுவந்தது. உலகமே வியந்தது, 2018-இல் நிறுவனம் மூடப்பட்டது. டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபோட்ஸ் 2008-இல் விற்கத் தொடங்கியது வெறும் கை. அதைத் தொழிலாளியே பிடித்து அசைத்து வேலையைப் பழக்கலாம் என்பதுதான் அதன் பெருமை. அது இன்றும் இத்துறையின் முன்னணியில் நிற்கிறது. வியப்பை மட்டும் நம்பிச் சந்தையில் நிலைக்க முடியாது. பக்கத்தில் நிற்கிறவரின் கைக்குப் பழக வேண்டும். கழிவு அகற்றும் ரோபோ நிறுவனத்தை நடத்துகிறவருக்கு இந்தப் பாடம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். அவர் விற்க வேண்டியது இரும்பை அல்ல, சுத்தமான தொட்டியை. எத்தனை தொட்டி முடிந்ததோ அத்தனைக்குப் பணம், பழுதாகி நின்ற நாளுக்குப் பணம் இல்லை, திரையில் தமிழ், உதிரிபாகம் உள்ளூரில் என்ற நிபந்தனைகளை அவரே முன்வந்து ஏற்க வேண்டும். பழுதுபார்க்க ஆள் இல்லை என்பதும் காரைக்காலுக்குப் பொருந்தாது. திருவேட்டக்குடியில் தேசிய தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது, வரிச்சிக்குடியில் பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் மோட்டாரையும் வின்சையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள்தான்.

எல்லாத் தொட்டிக்கும் ரோபோ போய்ச் சேராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிளிஞ்சல்மேடு போன்ற மீனவர் குடியிருப்புகளின் குறுகிய சந்துகளுக்குள் வண்டியே நுழையாவிட்டால், வண்டியில் ஏற்றிய கருவியும் நுழையாது. அங்கே தேவைப்படுவது கையால் தள்ளிப் போகும் சின்னக் கருவி, நீளமான குழாய், முறையாகக் கட்டிய தொட்டி. இந்தச் சந்துகளைப் பார்த்துக் கருவியைச் சிறிதாக்கும் நிறுவனத்துக்குக் கடலோரம் முழுக்க வேலை காத்திருக்கிறது.

கடைசியாக எழுவது, ஊர் சிறிது என்ற வாதம். இரண்டு லட்சம் பேர் வாழும் மாவட்டத்துக்கு லட்சக்கணக்கில் ஓர் இயந்திரமா? ஊரின் அளவை மக்கள்தொகை மட்டும் சொல்லாது. 2023 டிசம்பர் 20 சனிப்பெயர்ச்சி போன்ற நாளில் திருநள்ளாறு என்ற ஒரே ஊர் லட்சக்கணக்கானோரைத் தாங்குகிறது. கூட்டம் கலைந்த பிறகு அந்தத் தொட்டிகளையும் யாரோ சுத்தம் செய்தாக வேண்டும். மேலும், காரைக்காலைச் சுற்றி இருப்பது தமிழ்நாட்டின் நாகப்பட்டினமும் மயிலாடுதுறையும். தமிழ்நாட்டிலேயே முதலில் பாண்டிகூட்டைப் பயன்படுத்திய கும்பகோணமும் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைநகரான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நிர்வாக எல்லை நடுவில் ஓடுவதால் இந்த நகராட்சிகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுத் தனித்தனியாகக் கட்டுப்படியாகாது என்கின்றன. நகராட்சி சொந்தமாக வாங்கினால்தான் இந்தத் தடை. தொழிலாளர் குழுவின் பெயரில் வாங்கி, தொட்டிக்கு இவ்வளவு என்று வாடகை பேசினால், திங்கட்கிழமை திருநள்ளாற்றில் நிற்கும் அதே வண்டி செவ்வாய்க்கிழமை நாகூருக்குப் போகலாம். இயக்குவது முன்பு இறங்கியவர்களே என்று அடுத்த டெண்டரில் ஒரு வரி சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. ஒப்புக்கொள்ளும் நகராட்சியும், அந்த வரியை ஏற்றுக் கையெழுத்திடும் நிறுவனமும் இருந்தால் வரும் மழைக்கு முன்பே தொடங்கிவிடலாம்.