மனவடுவுக்கும் ஓய்வூதியம் வேண்டும்

2016 நவம்பரில் கொழும்பு கோட்டையில் ஓய்வூதியம் கேட்டுத் திரண்ட ஊனமுற்ற படைவீரர்கள் மீது பொலிஸார் தண்ணீர் பீய்ச்சி அடித்தனர். 12 ஆண்டு சேவை நிறைவதற்குள் காயப்பட்டு விலக்கப்பட்டவர்கள் அவர்கள். கால் போனவருக்கே அந்தக் கதி என்றால், ராத்தூக்கம் போனவர் எந்த மருத்துவச் சபையிடம் போய் எதைக் காட்டுவார்?

இதை ஒரு தமிழ்ப் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்பார்கள். சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனாலும் சொல்கிறோம்: போரில் மனம் சிதைந்த சிப்பாய்க்கு அரசு நட்டஈடு கொடுத்தே ஆக வேண்டும்.

2002 முதல் 2006 வரை கொழும்பு இராணுவ மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 824 பேரை வைத்தியர் ருவன் ஜயதுங்க உள்ளிட்டோர் பரிசோதித்தனர். 56 பேருக்கு முழுமையான மனவடு நோய் இருந்தது. இறுதிப் போருக்கு முந்திய கணக்கு இது. அதுவும் வைத்தியரிடம் வந்து சேர்ந்தவர்களின் கணக்கு. மனநல மருத்துவமனை இருப்பதாலேயே அங்கொடை என்ற ஊர்ப்பெயரை ஏச்சாக்கி வைத்திருக்கும் நாட்டில் எத்தனை பேர் வருவார்கள்?

மனவடு பல மாதம், சில வேளை பல வருடம் கழித்தும் தலைகாட்டும். சித்திரை வருடப் பட்டாசுக்குக் கட்டிலின் கீழ் ஒதுங்குவார், குடிப்பார், லீவில் வீட்டுக்கு வந்தவர் முகாமுக்குத் திரும்பமாட்டார். திரும்பாததை இராணுவம் குற்றமாக மட்டுமே பார்க்கிறது. 2025 பெப்ரவரியில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள் கொலை நடந்த கையோடு, தப்பியோடிய படையினரைக் கைது செய்ய உத்தரவு பிறந்தது. பாதாள உலகத்துக்குக் கூலிக்குச் சுட்டவர்களைப் பிடிக்கட்டும். பிடிபட்ட மற்றவர்களைத் தண்டிக்குமுன் உளநல வைத்தியரிடம் காட்டினால் என்ன நட்டம்?

வேண்டியது தெளிவான விதி. படையில் சேரும்போது பதிவில் இல்லாத நோய் பின்னர் வந்தால், அது சேவையால் வந்ததென்றே கொள்ள வேண்டும், இல்லையென நிரூபிப்பது அரசின் பொறுப்பு என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்காவும் 2010இல் மனவடுவுக்கான ஆதார நிபந்தனைகளைத் தளர்த்தியது. இங்கும் அதுவே வேண்டும்.

படையினரோடு அது நிற்கவும் கூடாது. 2018ஆம் ஆண்டின் இழப்பீட்டு அலுவலகச் சட்டத்தில் உளசமூக ஆதரவுக்கும் இடமுண்டு. முள்ளிவாய்க்கால் பதுங்குகுழியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளி, 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து உயிரோடு வந்தவர் எல்லோருக்கும் அதே அளவுகோல் பொருந்தும். சிப்பாயின் மனவடுவை ஏற்றுக்கொண்ட அரசு இவர்களுடையதை எந்த வாயால் மறுக்கும்? அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு நிதி ஒதுக்க வேண்டும்; வடக்கு, கிழக்கில் விசாரிக்கும் மருத்துவச் சபைகளில் தமிழ் பேசும் உளநல வைத்தியர்கள் இருக்க வேண்டும்.