பறியைக் கடித்துக்கொண்டு நின்றால் வேலை பூஜ்ஜியமா?

இன்னிக்குக் கொஞ்சம் பிசிக்ஸ். ஓடிடாதீங்க, நாலே சமன்பாடு கூட வராது.

விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம் என்றால் வேலையும் பூஜ்ஜியம். பெட்டியைத் தலையில் சுமந்து நிற்கிற போர்ட்டர் வேலையே செய்யவில்லை என்று உதாரணம் வேறு! நம்மில் எத்தனை பேர் அதை உண்மையிலேயே நம்பினோம்? மார்க் வந்தது, விட்டுவிட்டோம்.

இதே வரியைப் பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் மாதிரி ஊரில் படிக்கிற பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். இந்த ஏரியில் தண்ணீருக்குள் இறங்கி, வெறும் கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்காக. பறியைத் தாங்குகிற விசை மேல்நோக்கி, அவர்கள் நகர்வது பக்கவாட்டில். ஆக, அந்தத் தாடை செய்த வேலை பூஜ்ஜியம். தாடை வலியோடு வீட்டுக்கு வருகிற அம்மாவைப் பார்த்து வளர்கிற பிள்ளை இதைக் கேட்டு என்ன நினைக்கும்? 'இது நமக்கான பாடம் இல்லை போல' என்றுதான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

புத்தகம் தப்பு என்று சொல்ல வரவில்லை. அந்த வரையறை முழுக்கச் சரி. ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று யாருமே சொல்வதில்லை. நீராவி இயந்திரம் எவ்வளவு எடையை எவ்வளவு உயரம் தூக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1829-இல் கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 'வேலை' என்கிற சொல்லுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தார். இயந்திரத்துக்கான கணக்கு அது. களைப்பை அளக்க வந்தது இல்லை. (பழந்தமிழில் வேலை என்றால் கடல் என்றும் ஒரு பொருள் உண்டு. நம்ம ஊருக்கு அதுதான் பொருத்தம்!)

அப்போ ஏன் வலிக்கிறது? பறியை ஒரு மேசை மேல் வைத்தால் மேசைக்குச் செலவே இல்லை. தசை அப்படி இல்லை. அசையாமல் பிடித்திருக்கும்போதும் உள்ளே தசை இழைகள் ஒன்றையொன்று பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிடிக்கும் சாப்பாட்டிலிருந்து வந்த ஆற்றல் செலவாகும். வெளியே எதுவும் உயராததால் அத்தனையும் வெப்பமாகப் போகிறது. வேலை பூஜ்ஜியம், செலவான ஆற்றல் பூஜ்ஜியம் இல்லை. இந்த ஒரு பத்தியைப் புத்தகத்தில் சேர்க்க எவ்வளவு இடம் ஆகிவிடும்?

ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோ நண்டுக் கூடையை 1 மீட்டர் தூக்கினால் வேலை 98 ஜூல். ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் சர்க்கரையில் இருப்பது சுமார் 84,000 ஜூல். தசை அதில் கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்று வைத்தாலும் இருநூறு தடவை தூக்கலாம். டீக்கடைச் சர்க்கரைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்தது நியூட்டனின் மூன்றாம் விதி. உதாரணம் கேட்டால் உடனே ராக்கெட். ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா, ராக்கெட் கிளம்பினால் இங்கே கரையிலிருந்தே தெரியும். இருந்தும் 'ராக்கெட் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது' என்று நினைக்கிறவர்கள் காலேஜிலும் இருக்கிறார்கள். வரிசையை மாற்றினால் போதும் என்பது என் கட்சி. ஆழமில்லாத இடத்தில் படகுக்காரர் கோலை ஊன்றித் தரையைப் பின்னால் தள்ளுகிறார், தரை படகை முன்னால் தள்ளுகிறது. கோல் எட்டாத ஆழத்தில் துடுப்பு. அங்கே தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறார். மேலே தரையும் இல்லை, தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. அதனால் ராக்கெட் தள்ளுவதற்கான பொருளையும் தானே சுமந்துகொண்டு போகிறது. 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3-ஐக் கொண்டுபோன ராக்கெட் கிளம்பும்போது சுமார் 640 டன். அதில் பெரும்பகுதி பின்னால் வீசுவதற்கான எரிபொருள்தான். கோலில் ஆரம்பித்தால் ஏரிக்கரைப் பிள்ளை ரெண்டாவது படியிலேயே இதைப் பிடித்துவிடும், நாம்தான் மூச்சு வாங்கிக்கொண்டு வருவோம்.

என்னை வினாத்தாள் எடுக்கச் சொன்னால் (சொல்ல மாட்டார்கள்!) இப்படி ஒரு கேள்வி வைப்பேன்: நடு ஏரியில் படகு அசையாமல் நிற்கிறது, காற்றும் இல்லை. கோல் எட்டவில்லை, துடுப்பு போய்விட்டது, கையில் ஒரு கூடை நண்டு மட்டும். கரைப் பக்கம் நகர என்ன செய்வாய்? நண்டை வீசுவேன் என்று எழுதினால் பாதி மார்க். எந்தப் பக்கம் என்று சரியாகச் சொன்னால் மீதி. நண்டு விற்கிற விலைக்கு வீச மாட்டேன், நீந்தியே போய்விடுவேன் என்று எழுதுகிறவனுக்கும் முழு மார்க்தான், தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளுவான் என்று சொல்லிவிட்டால்.